வேலியைப் பார்க்கட்டும், வீட்டைப் பார்க்க வேண்டாம்!

பீடோர் பட்டணத்தில் கேமரா இல்லாத இடத்தை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். நகைக்கடையில் இருக்கிறது, பேங்கில் இருக்கிறது, எண்ணெய் நிலையத்தில் இருக்கிறது. மளிகைக்கடைக் கூரை முனையில்கூட ஒரு கறுப்புக் கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகைகளில் இதற்கு 'மறைகாணி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஜனங்கள் கேமரா என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

பட்டணத்தோடு இது நின்றுவிடவில்லை. தோட்டத்துக்குள்ளும் வந்துகொண்டிருக்கிறது. முதலில் ஆபீசுக்கு, பிறகு ஸ்டோருக்கு, பிறகு கேட்டுக்கு. அடுத்து லயத்துக்கு வருமோ என்று சிலர் கேட்கிறார்கள். "வரட்டுமே, மோட்டார் சைக்கிள் காணாம போறதாவது நிக்கும்" என்கிறார் ஒருவர். "நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம், எந்நேரமும் பாத்துக்கிட்டிருக்க?" என்கிறார் இன்னொருவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்களே இப்படி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் கேட்பது பாதுகாப்பு, மற்றவர் கேட்பது மானம். தொழிலாளிக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள் என்று யாரும் நம்மிடம் பேரம் பேசக்கூடாது.

பயம் பொய்யல்ல

திருட்டுப் பயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தோட்டம் என்பது பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இடம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு பல லயங்களில் ஆள் குறைந்து போயிற்று. பத்து வீடு இருந்த வரிசையில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். இப்படி இருக்கும்போது கழுத்துச் சங்கிலிக்கும் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கோயில் உண்டியலுக்கும் பயப்படுவது இயற்கை. போலீஸ் நிலையம் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இந்தப் பயம் புரியாது.

கேமரா இல்லாததால் வந்த வினைக்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், ஜனங்கள் நடமாடும் நேரத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண்ணை ஒருவன் வெட்டிக் கொன்றுவிட்டு நடந்து போனான். அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராப் படத்தை வைத்துத்தான் போலீஸ் துப்புத் தேடியது. அதன் பிறகுதான் ரயில் நிலையங்களுக்குக் கேமரா வேண்டும் என்ற கூக்குரல் பெரிதாயிற்று. நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டு தொடங்கிய 'பாதுகாப்பான நகரம்' திட்டத்தில், பட்டணங்களில் கேமரா வைப்பதும் ஓர் அம்சமாக இருந்தது.

ஆனால் கேமரா எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: வாகனம் நிறுத்தும் இடங்களில் கேமரா வைத்தால் திருட்டு நன்றாகக் குறைகிறது, அடிதடி, வெட்டுக்குத்து போன்ற வன்முறை அவ்வளவாகக் குறைவதில்லை. காரணம் எளியது. திருட வருகிறவன் யோசித்து வருகிறான், கேமராவைப் பார்த்தால் திரும்பிப் போகிறான். குடித்துவிட்டுக் கத்தியைத் தூக்குகிறவன் எந்தக் கேமராவையும் பார்ப்பதில்லை. ஆகவே மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குக் கேமரா நல்லது. சம்சுச் சண்டைக்கும் குண்டர் கும்பலுக்கும் கேமராவே மருந்து என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அதற்கு வேலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வீட்டில் அப்பா அம்மா வேண்டும்.

முள்கம்பிக்குள் இருந்த ஜனங்கள் நாம்

கண்காணிப்பு என்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிய பாடமல்ல. கங்காணி என்ற பேரே கண்காணி என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் அவசரகாலத்தில் நடந்தது அதற்கெல்லாம் மேலே. அந்தக் கதையை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைநாட்டும் கொடுத்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் போட்ட திட்டப்படி, காட்டோரத்தில் சிதறி இருந்த ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். பெரும்பாலும் சீனர்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் அங்கங்கே இருந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். அதில் நம்மவர்கள் ஏராளம். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. கையில் சோறு கொண்டு போகக்கூடாது, காட்டில் இருப்பவனுக்குப் போய்விடும் என்று தடை. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

இது வெகு தூரத்துக் கதையல்ல. அந்நாளில் நம் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தஞ்சோங் மாலிமில், 1952 மார்ச் 25ஆம் தேதி, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன கூட்டத்தைச் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். உடனே ஜெனரல் டெம்ப்ளர் நேரே வந்து இறங்கினார். செய்தவன் யாரென்று தெரியாததால் ஊருக்கே தண்டனை கொடுத்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் படியில் பாதி வெட்டு. வீடு வீடாகத் தாளைக் கொடுத்து, தெரிந்ததை எழுதிப் போடு என்றார்கள். துப்பாக்கி பிடித்தவனும் ஒன்றுதான், குழந்தைக்குப் பால் கரைத்தவளும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

1956இல் சிலாங்கூர் செமினியில் இன்னொரு விஷயம் வெடித்தது. காலையில் வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டில் நிறுத்தி, ஆடையைக் களையச் சொல்லி அரிசி ஒளித்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள் என்ற புகார் அது. நாடே கொதித்ததில் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டி வந்தது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து, 2005இல், காவலில் இருந்த ஒரு பெண்ணை நிர்வாணமாக்கி உட்கார்ந்து எழ வைத்ததை யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதற்கும் ஒரு கமிஷன் வைத்தார்கள். பாதுகாப்புக்காகச் சோதிக்கிறோம் என்று தொடங்கும் காரியத்துக்கு எல்லை போடாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. முள்கம்பியும் போயிற்று. அடையாள அட்டை மட்டும் இன்றைக்கும் நம் பையில் இருக்கிறது. அதனால் நன்மையும் உண்டு, நீல ஐ.சி. கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் ஆபத்துக்கென்று வைத்த ஏற்பாடு ஆபத்து போன பிறகும் தங்கிவிடுவது உண்டு. இன்று லயத்தில் ஒரு கேமராவை மாட்டினால், திருட்டு நின்ற பிறகு அதைக் கழற்ற யாராவது வருவார்களா? ஆகவே மாட்டும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

கங்காணிக்கு மறதி உண்டு

"அந்தக் காலத்துல கங்காணி பாக்கலியா, தண்டல் பாக்கலியா, இப்ப கேமரா பாத்தா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பெரிய வித்தியாசம் இருக்கிறது. கங்காணிக்கு இரண்டு கண்தான். அவர் தூங்குவார், மறப்பார், சில வேளை மனம் இரங்கிக் கண்டும் காணாமல் போவார். அவர் வருவது நமக்குத் தெரியும், எதிரே நின்று பதில் பேசவும் முடியும். கேமரா தூங்காது, மறக்காது. யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. இன்று பார்த்ததை ஆறு மாதம் கழித்தும் எடுத்துக் காட்டலாம்.

லயத்து வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். நம் வீட்டில் திண்ணையும் தெருவும் ஒன்றுதான். பின்கட்டில் துணி துவைக்கிறோம், குளிக்கிறோம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறோம். அந்தப் பக்கமாக ஒரு கேமரா திரும்பினால் பெண்கள் எப்படி நிம்மதியாக நடமாடுவார்கள்? மருத்துவ விடுப்பில் இருக்கிறவர் வாசலில் வந்து உட்கார்ந்ததைப் படம் பிடித்து, "நல்லாத்தானே இருக்கான்" என்று சம்பளத்தில் கை வைத்தால் என்ன செய்வது? கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம் நடக்கிறது. யார் வந்தார், யார் பேசினார் என்று ஒரு பெட்டியில் பதிவாகிக்கொண்டிருந்தால், பத்து பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் வருவார்கள். அங்கே திருட்டுப் போவது சங்கத்தின் பலம்.

கேமரா யார் கையில்?

கேமரா ஏழைக்கும் சாட்சி சொல்லும். அதை நாம் மறுக்கக்கூடாது. 2020 ஜூனில் தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில், கைத்தொலைபேசிக் கடை நடத்திய ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். கடை முன்னால் தரையில் உருண்டு சண்டை போட்டார்கள் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. பக்கத்துக் கடைக் கேமராப் படம் வெளியே வந்தபோது அப்படி ஒன்றும் அதில் தெரியவில்லை. எழுதியது பொய் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அதே விவகாரத்தில் இன்னொரு கேமராவும் உண்டு. போலீஸ் நிலையத்துக்குள்ளேயே கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், அதன் பதிவு தினந்தோறும் தானாகவே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்ததைக் கண்டு அறிக்கையில் எழுதினார். அடித்த இரவைக் காட்ட வேண்டிய படம் இல்லாமல் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதே 2020ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம், எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒரு கேமரா உண்மை பேசியது, இன்னொரு கேமரா வாயை மூடிக்கொண்டது. கருவியில் வித்தியாசம் இல்லை. அது யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இதை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். தொழிலாளி பழக்குலையைத் திருடுகிறானா என்று பார்க்கக் கேமரா வைக்கலாம் என்றால், குலை எண்ணும் இடத்திலும் எடை போடும் இடத்திலும் ஒரு கேமரா வைக்கலாமே? பால் நிறுவையிலே தராசு மேல் சந்தேகப்படாத தொழிலாளி எந்தக் காலத்தில் இருந்தான்? அந்தப் படத்தைத் தொழிலாளியும் கேட்டுப் பார்க்கலாம் என்று வையுங்கள். அப்போதுதான் அதைப் பாதுகாப்பு என்று சொல்லலாம். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற கேமராவுக்கு வேவு என்றுதான் பேர். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் அரசனுக்கே சொன்ன யோசனை.

சட்டம் என்ன சொல்கிறது?

"தோட்டம் அவங்களது, லயம் அவங்களது, எங்க வேணா வைப்பாங்க" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. கட்டடம் நிர்வாகத்துடையதாக இருக்கலாம். அதற்குள் நடக்கும் குடும்ப வாழ்க்கை நம்முடையது.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 5ஆவது விதி தனிமனித சுதந்திரத்தைக் காக்கிறது. அந்தச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜொகூரில் ஒரு வழக்கில், அண்டை வீட்டை நோக்கித் திருப்பி வைத்த கேமராவுக்கு எதிராக உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. உன் வீட்டை நீ காத்துக்கொள், பக்கத்து வீட்டுக்காரனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்காதே என்பதுதான் அதன் சாரம். இந்திய உச்சநீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவும் நமக்குத் துணை. ஒருவருடைய மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத்துக்குள் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை. குளிக்கும் இடத்தை நோக்கி ஒருவன் வேண்டுமென்றே கேமரா வைத்தால், அவன் முதலாளியானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பையனானாலும் சரி, போலீசில் புகார் கொடுங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. வியாபார நடவடிக்கைகளில் நம் விவரங்களை எடுக்கிறவர்கள் எதற்காக எடுக்கிறோம் என்று அறிவிக்க வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது அது. 2024இல் அதைத் திருத்தி, அபராத உச்சத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தினார்கள். முகத்தையும் கைரேகையையும் வைத்து ஆளை அடையாளம் காணும் விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரியவை என்று சேர்த்தார்கள். பெரட்டுக்கு முகத்தைக் காட்டி ஆஜர் போடும் இயந்திரம் வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் இது கட்டுப்படுத்தாது. கடைக்காரர் கேமராவுக்கு உள்ள கட்டுப்பாடு அரசாங்கக் கேமராவுக்கு இல்லை. இரண்டாவது ஓட்டை நம்மை நேரே பாதிப்பது. அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழில் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற நம் தாய்மார்களுக்கு அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? படிக்கத் தெரியாத அறிவிப்பும் ஓர் அறிவிப்பா?

நாம் கேட்க வேண்டியது

கேமராவே வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. வைக்கும்போது ஐந்து காரியங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே நமது கருத்து.

முதலாவது, இடம். கேட், ஸ்டோர், மோட்டார் சைக்கிள் கொட்டகை, கோயில் உண்டியல், தெருமுனை ஆகியவற்றுக்கு வைக்கலாம். வீட்டு வாசல், பின்கட்டு, குளிக்கும் இடம், ஆயாக் கொட்டகையில் தாய்மார் பால் கொடுக்கும் மூலை, சங்கம் கூடும் இடம் ஆகியவற்றுக்குக் கூடவே கூடாது.

இரண்டாவது, அறிவிப்பு. கேமரா இருக்கிறது, எதற்காக இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று தமிழிலும் பலகை வேண்டும். வங்காளதேசத்துத் தொழிலாளியும் இந்தோனேசியத் தொழிலாளியும் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்கள் மொழியிலும் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் மானம் உண்டு.

மூன்றாவது, காலம். எத்தனை நாள் பதிவை வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகார் ஏதும் இல்லாவிட்டால் அந்நாள் முடிந்ததும் அழிக்க வேண்டும். புகார் வந்தால் அழிக்கவே கூடாது.

நான்காவது, பார்வை. யார் யார் பார்க்கலாம் என்று பேர் குறித்து வைக்க வேண்டும். தொழிலாளி மேல் குற்றம் சாட்டினால், நடவடிக்கை எடுக்கும் முன்னே அந்தப் படத்தை அவருக்கும் சங்கத் தலைவருக்கும் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, எதற்குப் பயன்படுத்துவது என்ற வரம்பு. திருட்டுக்கென்று வைத்த கேமராவை ஆள் கணக்குக்கும் லீவு கணக்குக்கும் பயன்படுத்தக்கூடாது.

இதை ஒரு தொழிலாளி தனியாகப் போய் ஆபீசில் கேட்டால், "ஒனக்கென்னப்பா, நீ என்ன திருடனா, ஏன் பயப்படுற?" என்று கிராணி சிரித்து அனுப்பிவிடுவார். அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. கதவைச் சாத்திக் குளிக்கிறவன் திருடன் அல்லவே! 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகி உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும். கூலிக்கும் வீட்டுக்கும் பேசுவதுபோல, கேமராவுக்கும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி வேண்டும் என்று பேச வேண்டும்.

நம் வீட்டையும் பார்ப்போம்

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் இன்று சொந்தக் காசில் கேமரா மாட்டுகிறார்கள். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சமையற்கட்டு தெரிகிறதா, எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்துவது தெரிகிறதா? அப்படியென்றால் இன்றைக்கே திருப்பி வையுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப். யாரோ ஒரு பையன் கடையில் ரொட்டி எடுத்த படம், யாரோ ஒரு பெண் யாரோடோ பேசிக்கொண்டிருந்த படம், விபத்தில் ரத்தத்தோடு கிடந்தவர் படம். கையில் கிடைத்த உடனே பத்து குழுவுக்குத் தட்டிவிடுகிறோம். பிறகு அந்தப் பையன் திருடவில்லை, காசு கொடுத்துவிட்டுத்தான் போனான் என்று தெரிந்தால் யார் போய் அதைத் துடைப்பது? சந்தேகப் படம் கிடைத்தால் போலீசிடம் கொடுங்கள். ஊருக்குக் கொடுக்காதீர்கள். துரைமார் நம்மைப் பார்க்கிறார்கள் என்று கோபப்படுகிற நாமே ஒருவருக்கொருவர் வேவுகாரர் ஆகிவிடக்கூடாது.

தோழர்களே, நம் பாட்டன்மார் முள்கம்பிக்குள் இருந்தபோது, வேலி எங்கே போட வேண்டும், கேட்டை எப்போது திறக்க வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த ஐந்து காரியங்களையும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நிர்வாகத்திடம் கொடுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் பலகை தொங்கினால், படித்த பிள்ளை ஒருவர் அதைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டட்டும். கேமரா நம் வேலியைக் காக்கட்டும். வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை.